மேகமே இல்லாத வானத்திலிருந்து விழும் பனிப்படிகம்: வினிபெக்கில் நீங்கள் பார்த்தது என்ன?

கேள்வி சுருக்கமாக இது. கனடாவில் வினிபெக் நகரத்துக்கு வந்து முதல் குளிர்காலம். காலை ஒன்பதரை மணி, மைனஸ் 31 டிகிரி, காற்று அசையவில்லை, வானம் சுத்தமான நீலம். ஆனாலும் வெளியில் மினுக் மினுக்கென்று ஏதோ விழுந்துகொண்டே இருக்கிறது. கையை நீட்டினால் ஒன்றும் ஒட்டுவதில்லை. சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிச் சூரியன்கள். வானிலை ஆப்பைத் திறந்தால் 'ஐஸ் கிரிஸ்டல்ஸ்' என்று போட்டிருக்கிறது. மேகம் இல்லாமல் ஸ்னோ எப்படி விழும்? இதெல்லாம் ஸ்னோ கணக்கில் சேருமா? சின்னப் பிள்ளையை வெளியே கூட்டிப் போகிறோம், மூச்சில் போனால் கெடுதலா?

நீங்கள் பார்த்ததை டைமண்ட் டஸ்ட் என்பார்கள். தமிழில் வைரத்தூள் என்று சொல்லிக்கொள்ளலாம். அவை மிகச் சிறிய பனிப்படிகங்கள். பெரும்பாலும் தலைமுடியின் தடிமன் அளவுதான் இருக்கும், சில அதையும்விடச் சிறியவை. வழக்கமான ஸ்னோ மாதிரி கிலோமீட்டர் கணக்கில் மேலேயிருந்து வருவதில்லை; தரையை ஒட்டிய சில நூறு மீட்டர் காற்றுக்குள்ளேயே பிறந்து அங்கேயே இறங்குகின்றன. மூச்சில் போனால் மூக்கிலேயே உருகிவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேகம் இல்லாமல் எப்படி என்பதற்கு முதலில் ஒரு கணக்கு. சென்னையில் 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் அது 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மைனஸ் 20-இல் ஒரு கிராம்கூட இல்லை. மைனஸ் 30-இல் பனிக்கட்டிக்கான பூரித நிலையில், அதாவது காற்று நிரம்பி அதற்கு மேல் தாங்க முடியாத நிலையில், ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். மைனஸ் 40-க்குப் போனால் 0.12 கிராம். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை மைனஸ் 30 டிகிரிக் காற்றால் நிரப்பி, அதிலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்து எடுத்தால் இரண்டரை டீஸ்பூன் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவே. அந்த இரண்டரை டீஸ்பூனும் மொத்தமாகப் படிகமாக மாறுவதில்லை. பூரித அளவுக்கு மேல் போகிற சிறு பங்கு மட்டும்தான் மாறும். இவ்வளவு குறைந்த நீரை வைத்துக்கொண்டு நீல வானத்தை மறைக்கிற அளவுக்கு ஒரு மேகத்தைக் கட்ட முடியாது. படிகம் இருக்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான மீட்டருக்குள் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் அண்ணாந்து பார்த்தால் வானம் வெறுமையாகத் தெரிகிறது. வைரத்தூள் பற்றிய மற்ற எல்லாமே, அதன் வடிவம், அது காட்டும் ஒளி, மழையையும் ஸ்னோவையும் அளக்கும் அளவுமானியில் சிக்காமல் போவது எல்லாம், இந்த நீர்ப் பஞ்சத்திலிருந்துதான் வருகின்றன.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஆப்பில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றுதானே இருந்தது, நூறு ஆகாமல் எப்படிப் படிகம் உருவாகும்? அந்த 75 என்பது திரவ நீரை அளவுகோலாக வைத்துச் சொன்னது. வானிலை நிலையங்கள் பூஜ்யத்துக்குக் கீழேயும் அப்படித்தான் கணக்கிடுகின்றன. பனிக்கட்டி நீர் மூலக்கூறுகளைத் திரவ நீரைவிட இறுக்கமாகப் பிடித்து வைப்பது. ஆகவே அதற்கு மேலே உள்ள காற்று சீக்கிரமே பூரிதமாகிவிடும். மைனஸ் 10-இல் இந்த வித்தியாசம் பத்து சதவீதம். மைனஸ் 30-இல் முப்பத்துநாலு சதவீதம். அதாவது மைனஸ் 30-இல் 75 சதவீதம் என்று காட்டும் காற்று, பனிக்கட்டியைப் பொறுத்தவரை ஏற்கெனவே நிரம்பி வழிகிற காற்று. 80 என்று காட்டினால் அதில் எந்தப் படிகமும் தாராளமாக வளரும். கடும் குளிர்காலத்தில் ஆப் காட்டும் ஈரப்பத எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து, அந்தக் கொஞ்சம் நீராவியும் பூரித எல்லையைத் தாண்டுவது எப்படி? நமக்குப் பழக்கமான காற்றில் மேலே போகப் போகக் குளிரும். கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கனடாவின் சமவெளியில் ஜனவரி இரவில் இது தலைகீழாகிவிடும். இரவு பதினைந்து மணி நேரம் நீளம். தரை முழுக்க ஸ்னோ. அது தன் வெப்பத்தை விண்வெளிக்கு வாரி இறைத்துக்கொண்டே இருக்கும். மேகப் போர்வை இல்லை, காற்றும் வீசுவதில்லை. விளைவு, தரையைத் தொடும் காற்றுதான் மிகக் குளிர்ந்த காற்று. சில நூறு மீட்டர் மேலே போனால் பத்து டிகிரிகூட வெதுவெதுப்பாக இருக்கலாம். இதை வெப்பத் தலைகீழ் அடுக்கு என்பார்கள். கண்ணால் பார்க்க வேண்டுமானால் அப்படிப்பட்ட காலையில் புகைபோக்கிகளைப் பாருங்கள். புகை நேரே மேலே போய், ஓரிடத்தில் கூரையில் முட்டியது மாதிரி நின்று, படுக்கை வாக்கில் பரவும். அந்தக் கூரைதான் அடுக்கு.

மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றில் கொஞ்சம் கூடுதல் நீராவி இருக்கும். அது மெல்லக் கீழே கலக்கும்போது, கீழ்க் காற்றால் அதைத் தாங்க முடியாமல் மிச்சம் படிகமாக வெளியே வருகிறது. இன்னொரு வழி, காற்று இருந்த இடத்திலேயே குளிர்ந்துகொண்டே போவது. ஊருக்குள் மூன்றாவது வழியும் உண்டு: நாமே ஆவியை ஊற்றுகிறோம். வீட்டுக்கு வீடு ஓடும் எரிவாயு உலைகளின் குழாய், கார்களின் சைலன்சர், மின்நிலையங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவதால் வரும் கணக்கு இது. கோடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மைனஸ் 35-இல் அது பெரிய அளவு.

ஆவி மட்டும் போதாது, உறைவதற்கு ஒரு பிடிமானமும் வேண்டும். சுத்தமான நீர்த்துளி பூஜ்யத்தில் உறைந்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். மேகத்தில் உள்ள சிறு துளிகள் அப்படி உறைவதில்லை. மைனஸ் 15, மைனஸ் 20-இலும் திரவமாகவே மிதக்கும். களிமண் தூசு போன்ற ஏதாவது ஒரு துகள் அகப்பட்டால்தான் அதைச் சுற்றிப் பனிக்கட்டி அமையும். மைனஸ் 38 வாக்கில் அந்தத் துணையும் தேவைப்படாது, துளி தானாகவே உறைந்துவிடும்.

இந்த எல்லையைக் கண்ணால் காட்டிய ஒரு சோதனை உண்டு. 1946 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர் ஓர் உறைபெட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். உள்ளே கறுப்பு வெல்வெட் துணி, ஒரு விளக்கின் ஒளிக்கற்றை. வாயால் ஊதினால் மூச்சு உள்ளே சின்ன மேகமாகும். ஆனால் அது பனிக்கட்டியாக மாற மறுத்தது. எத்தனையோ தூள்களைத் தூவிப் பார்த்தார், பெரிதாகப் பலன் இல்லை. ஒரு நாள் பெட்டியின் குளிர் போதவில்லையே என்று உலர்பனிக்கட்டித் துண்டு ஒன்றை உள்ளே வைத்தார். உறைந்த கார்பன் டை ஆக்சைடு அது, மைனஸ் 78 டிகிரி. அடுத்த கணமே ஒளிக்கற்றை முழுக்க மினுமினுக்கும் படிகங்கள். நீங்கள் வீட்டு வாசலில் பார்த்ததை அவர் பெட்டிக்குள் செய்துவிட்டார். அதே வருடம் நவம்பரில் விமானத்தில் ஏறி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மேகத்தில் உலர்பனிக்கட்டியைத் தூவினார். செயற்கை மழைக்காக மேகம் விதைப்பது என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து ஆரம்பித்தது.

சரி, வடிவத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கிறிஸ்துமஸ் அட்டைகளில் வரும் ஆறு கிளை நட்சத்திர வடிவம் வைரத்தூளில் அநேகமாக இருக்காது. ஓர் அறுகோணப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெல்லிய வில்லையாக நறுக்கினால் ஒரு வகைப் படிகம், நீளத் துண்டாக நறுக்கினால் இன்னொரு வகை. வில்லையைத் தட்டு என்றும் நீளமானதைத் தூண் என்றும் சொல்வோம். வைரத்தூள் பெரும்பாலும் இந்த இரண்டும்தான். ஏன் கிளை இல்லை? இதற்கு விடை கண்டவர் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்த நகாயா உகிசிரோ. 1936-இல் குளிர் அறைக்குள் ஒரு முயல் முடியின் நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். பிறகு வெப்பநிலையையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி வளர்த்து, எந்த நிலையில் எந்த வடிவம் வரும் என்று ஒரு வரைபடமே போட்டார். வெப்பநிலை தட்டா தூணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஈரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது, அது எளிய வடிவமாக நிற்குமா, கிளை விட்டு ஓடுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஈரம் ஏராளமாக இருந்தால் படிகத்தின் மூலைகள் முந்திக்கொண்டு வளர்ந்து கிளையாகும். ஈரம் பஞ்சமாக இருந்தால் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து, ஓரத்தில் இடம் பார்த்து உட்காரும். முகங்கள் தட்டையாகவும் தெளிவாகவும் அமையும். மைனஸ் 30 டிகிரிக் காற்றில் கொடுப்பதற்கு நீராவியே இல்லை, வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். விழுவதும் மெதுவாகவே, நொடிக்குச் சில சென்டிமீட்டர். நூறு மீட்டர் இறங்க அரை மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை வளர்ந்துகொண்டே வரும். இதன் பலன், கண்ணாடியில் அறுத்தது மாதிரியான சுத்தமான முகங்கள். பெரிய ஸ்னோ செதில் வெள்ளையாகத் தெரிவது, அதன் ஆயிரம் ஓரங்களில் ஒளி சிதறுவதால். வைரத்தூளில் ஒரு முகம் சூரியனை அப்படியே உங்கள் கண்ணுக்குத் திருப்புகிறது. அடுத்த நொடி படிகம் திரும்பிவிடுகிறது. மினுக்கென்று பட்டு மறைவதன் காரணம் அது.

உங்கள் இரண்டு குட்டிச் சூரியன்களுக்கும் இதே சுத்தம்தான் காரணம். படிகத்தின் ஒரு பக்க முகத்தில் நுழைந்து, ஒன்றுவிட்ட அடுத்த முகத்தில் வெளியேறும் ஒளிக்கு அது 60 டிகிரி முப்பட்டகம் மாதிரி வேலை செய்கிறது. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண் 1.31. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒளி குறைந்தபட்சம் ஏறத்தாழ 22 டிகிரி வளைந்தாக வேண்டும். படிகங்கள் எல்லாத் திசையிலும் புரண்டு கிடந்தால் சூரியனைச் சுற்றி 22 டிகிரி தூரத்தில் ஒரு முழு வட்டம் வரும். நம் ஊரில் பரிவேடம் என்பது இதுதான். தட்டுகள் மட்டும் அதிகமாக இருந்தால் அவை அமைதியான காற்றில் படுக்கை வாக்கிலேயே இறங்கும். அப்போது வட்டத்தின் இடது வலது ஓரங்கள் மட்டும் பிரகாசமாகி இரண்டு போலிச் சூரியன்களாகும். இரண்டிலும் சூரியனைப் பார்த்த ஓரம் சிவப்பாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். தூண்கள் அதிகமாக இருந்தால் வட்டத்தின் உச்சியில் ஒரு வில் விரியும். ஆக, வானத்தில் எந்த ஒளி வடிவம் தெரிகிறது என்பதை வைத்தே காற்றில் இருப்பது தட்டா தூணா என்று சொல்லிவிடலாம், நுண்ணோக்கி வேண்டாம்.

வட்டத்தின் உச்சிக்குக் கொஞ்சம் மேலே அபூர்வமாக இன்னொரு வில் தோன்றும். அதற்குப் பாரி வில் என்று பெயர். கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப்போன வில்லியம் எட்வர்ட் பாரி, தன் கப்பல்கள் மெல்வில் தீவில் பனியில் மாட்டிக்கொண்டு கிடந்தபோது 1820-இல் அதை வரைந்து வைத்தார். பனியில் சிறைப்பட்ட மாலுமிகளுக்கு வேறென்ன வேலை, வானத்தைத்தான் பார்த்திருப்பார்கள். இந்த விஷயத்தில் இன்றைய பைத்தியங்கள் ஃபின்லாந்துக்காரர்கள். பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கை ஸ்னோ தெளிக்கும் இயந்திரங்கள் ஓடும் இரவுகளில், அவற்றின் நுண்ணிய பனித்துகள்கள் பக்கத்து மூடுபனியில் விதையாக விழுந்து அருமையான படிகங்களை உண்டாக்கும். ஒளிவட்டம் தேடுபவர்கள் அங்கே போய்க் காத்திருப்பார்கள். 1995-இல் யார்மோ மொய்லனன் என்பவர் சூரியனிலிருந்து 11 டிகிரி தூரத்தில் ஒரு புதிய வில்லைப் படமெடுத்தார். அது எந்த வடிவப் படிகத்தால் வருகிறது என்பது பல வருடங்கள் புதிராகவே கிடந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் இதில் ஒன்றை மாற்றிப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. 'அகல் வட்டம் பகல் மழை' என்று கேட்டு வளர்ந்திருப்போம். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் மழை நெருங்குகிறது என்பது அதன் கருத்து. அந்த வட்டமும் பனிப்படிகத்தால் வருவதுதான். சென்னையில் வியர்த்துக் கொட்டும் இரவிலும், பத்து கிலோமீட்டருக்கு மேலே உள்ள மெல்லிய கீற்று மேகத்தில் இதே தட்டும் தூணும் மிதக்கின்றன. அந்த மேகம் பல சமயம் ஒரு பெரிய மழை மண்டலத்தின் முன்விளிம்பு, அதனால் பழமொழிக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. வினிபெக்கில் நீல வானத்தில் அதே வட்டம் தெரிந்தால் பொருள் நேர் எதிர். உயர் அழுத்தம், துருவக் காற்று, தலைகீழ் அடுக்கு எல்லாம் கெட்டியாக உட்கார்ந்திருக்கின்றன. பெரிய ஸ்னோ உடனே வருவதற்கில்லை, இரவு இன்னும் குளிரும். ஒளிவட்டம் உங்களுக்கு முன்னால் உள்ள மரத்துக்கும் கட்டடத்துக்கும் குறுக்கே தெரிகிறதா, வானத்தில் மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள். மரத்துக்கு முன்னால் தெரிந்தால் படிகம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

இதோடு குழப்பிக்கொள்ளும் விஷயங்கள் சில உண்டு. மரக்கிளைகளில் இரவில் படிந்த உறைபனி, காலையில் லேசான காற்றுக்கும் வெயிலுக்கும் உதிரும். அதுவும் நீல வானத்தில் மினுங்கிக்கொண்டே விழும். மரத்தை விட்டுத் தள்ளி, திறந்த மைதானத்தில் போய் நின்று பாருங்கள். அங்கேயும் விழுந்தால்தான் வைரத்தூள். காற்று பலமாக இருந்தால் தரையிலுள்ள ஸ்னோ பறந்து வருகிறது என்று முடிவு கட்டிவிடலாம்.

பனிக்கட்டி மூடுபனி வேறு சங்கதி. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், சைபீரியாவின் யாகூட்ஸ்க் போன்ற ஊர்களில் மைனஸ் 35, மைனஸ் 40-க்குக் கீழே போனதும் வாகனப் புகையும் உலைப் புகையும் கக்கும் நீராவி சட்டென்று துளியாகி, துளி சட்டென்று உறைந்துவிடும். வளர நேரமே கிடைப்பதில்லை. அதனால் படிகங்கள் மிகச் சிறியவை, ஏறக்குறைய உருண்டை. அவற்றால் அழகான ஒளிவட்டம் காட்ட முடியாது. வெள்ளைப் புகையாக ஊரை மூடி, சாலையில் எதிரே வரும் வண்டியைக்கூட மறைத்துவிடும். வைரத்தூளில் பார்வைத் தூரம் பெரும்பாலும் அவ்வளவாகக் குறையாது. உங்கள் ஊரிலும் மிகக் குளிர்ந்த காலைகளில் சிக்னல் சந்திப்புகளில் வண்டிகள் நின்று கக்கும் ஆவி சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலமாகப் படியும். அங்கே பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.

'தெளிந்த வானம்' என்ற நிபந்தனையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1997, 98-இல் ஒரு கனடியப் பனியுடைப்புக் கப்பலை ஆர்க்டிக் கடலில் வேண்டுமென்றே உறைய விட்டு, ஒரு வருடம் அதிலிருந்து வானத்தை அளந்தார்கள். ஷீபா என்பது அந்த ஆய்வின் பெயர். கப்பலில் இருந்தவர்கள் 'வைரத்தூள்' என்று குறித்த பல நேரங்களில், லேசர் கருவியோ மேலே மெல்லிய நீர்த்துளி மேகம் இருந்ததைக் காட்டியது. துருவ இரவு மாதக்கணக்கில் நீளும். இருட்டில் அந்த மேகம் கண்ணுக்கு எப்படித் தெரியும்? வைரத்தூள் ஆர்க்டிக்கின் வெப்பக் கணக்கையே பாதிக்கிறது என்று அதற்கு முன் இருந்த கருத்தும் அதோடு பலவீனமானது. பாதிப்பில் பெரும்பகுதி அந்த மேகங்களுடையது.

இனி பிள்ளையின் விஷயம். படிகம் வெறும் நீர். ஒரு கன மீட்டரில் இருக்கும் மொத்த எடையே கிராமில் மிகச் சிறு பங்கு. மூச்சுக்குழாய் வரை முழுதாகப் போவதற்கு வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் காற்று மிகவும் வறண்டது, மிகவும் குளிர்ந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதில் ஓடுவதும் விளையாடுவதும் இழுப்பைக் கிளப்பலாம். ஒரு ஸ்கார்ஃபை மூக்கையும் வாயையும் மூடிச் சுற்றிவிட்டால், வெளியேறும் மூச்சின் ஈரமும் வெப்பமும் அதில் தங்கி, அடுத்த மூச்சைக் கொஞ்சம் சூடாக்கும். வைரத்தூள் விழும் காலையில் காற்று அசைவதில்லை என்பது ஒரு வசதி, காற்று வீசுவதால் உடம்பு உணரும் குளிரைச் சொல்லும் காற்றுக் குளிர்ச்சி எண் வெப்பநிலையை விட்டு வெகுதூரம் போகாது. இருந்தாலும் அந்த எண் மைனஸ் 28 முதல் மைனஸ் 39 வரை இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். பிள்ளையின் கன்னத்தையும் காது மடலையும் அடிக்கடி பாருங்கள். தோல் வெளிறி மெழுகு நிறமானால் உடனே உள்ளே கூட்டி வந்துவிடுங்கள். இன்னொன்று: எந்தத் தலைகீழ் அடுக்கு படிகத்தை உண்டாக்குகிறதோ, அதுவே விறகுப் புகையையும் வண்டிப் புகையையும் தரையோடு அமுக்கி வைக்கும். ஃபேர்பேங்க்ஸில் குளிர்காலக் காற்று மாசு பெரிய தலைவலியாக இருப்பது இதனால்தான். காற்றில் புகை நாற்றம் அடித்தால் நடையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நெஞ்சில் கெடுதல் செய்வது மினுங்குவது அல்ல, அதோடு சேர்ந்து நிற்கும் புகை.

ஸ்னோ கணக்கில் சேருமா என்று கேட்டிருந்தீர்கள். பொழிவு என்ற கணக்கில் சேரும், ஆனால் தனி இனம். உலக வானிலை அமைப்பின் குறியீட்டுப் பட்டியலில் 76 என்ற எண் வைரத்தூளுக்கு உரியது. கனடாவிலும் அமெரிக்காவிலும் விமான நிலைய அறிக்கைகளில் 'ஐ சி' என்ற இரண்டெழுத்தில் வரும். உங்கள் ஆப் அதைத்தான் விரித்து எழுதியிருக்கிறது. அளவு என்று பார்த்தால் ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் அளவுமானியில் ஒன்றும் நிற்காது. கனடாவில் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் 'தடயம்' என்று மட்டும் எழுதிவிட்டு விடுவார்கள், கூட்டலில் பூஜ்யம். வினிபெக்கில் இதனால் நஷ்டம் இல்லை. வடதுருவப் பக்கத்துத் தீவு நிலையங்களில் மழை, ஸ்னோ எல்லாம் சேர்த்தே கொஞ்சம்தான்; அங்கே தடய நாட்கள் அடுக்கடுக்காக வரும்போது பூஜ்யம் போடுவது வருடக் கணக்கையே குறைத்துக் காட்டும். அதனால் பழைய பதிவுகளைத் திருத்துபவர்கள் ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு சிறு மதிப்பைத் தனியாகக் கொடுத்துக் கூட்டுகிறார்கள்.

அண்டார்டிகாவின் உட்பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே தனி இனமாக ஒதுக்க முடியாது, பொழிவின் பெரும்பங்கே அதுதான் என்ற இடங்கள் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கா நடத்திய பிளேட்டோ நிலையத்தில் வருடத்துக்குச் சராசரியாக 316 நாட்கள் வைரத்தூள் விழுந்தது. 1967-இல் அங்கே விழுந்ததில் 70 சதவீதத்துக்கு மேல் வைரத்தூள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மொத்தத்தையும் உருக்கினால் அந்த வருடப் பொழிவு 25 மில்லிமீட்டர். நம் ஊரில் ஒரு நல்ல மழை அரை மணி நேரத்தில் கொட்டிவிடும் அளவு. கடல் வெகு தொலைவில், உயரமோ மூன்று கிலோமீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் மைனஸ் 60, 70. புயல் மேகங்கள் அங்கே ஏறி வருவதே அபூர்வம். மற்ற நாட்களில் காற்றில் மிச்சமிருக்கும் துளி ஈரம் இப்படித் தூளாக இறங்கிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தூள் உருகுவதில்லை என்பதால் அடுக்கடுக்காகச் சேர்ந்து அழுந்திப் பனிக்கட்டியாகிறது. அண்டார்டிகாவின் உட்பகுதியில் டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பியர்கள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் துளைத்து எடுத்த பனித்தண்டு, 8 லட்சம் வருடத்து வானிலைப் பதிவைக் கொண்டது. அதை வாசிக்கும்போது ஒரு சிக்கல் வரும். பனியிலுள்ள கனமான ஆக்சிஜனின் விகிதத்தை வைத்து, அது உருவானபோது இருந்த வெப்பநிலையைக் கணிக்கிறார்கள். புயலோடு வரும் ஸ்னோ ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான நாட்களில் விழுவது. வைரத்தூள் அமைதியான, மிகக் குளிர்ந்த நாட்களில் விழுவது. இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது மாறினால், உண்மையில் வெப்பநிலை மாறாமலேயே பனித்தண்டில் மாறியது போலத் தெரியலாம். ஆகவே அண்டார்டிக நிலையங்களில் இன்றும் தினமும் பலகை வைத்து, அதில் விழுந்ததைச் சேகரித்து, எது என்ன என்று பிரித்து எழுதுகிறார்கள். விஞ்ஞான வேலைகளில் இதைப் போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை குறைவு என்பது என் எண்ணம்.

திரும்பவும் பார்க்க விரும்பினால்: முந்தின இரவு காற்று நின்று, வானம் தெளிந்து, வெப்பநிலை மைனஸ் 25-க்குக் கீழே போயிருக்க வேண்டும். சூரியன் உதித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் நல்ல வாய்ப்பு. வெயில் ஏறினால் அடுக்கு கலைந்துவிடும். சூரியனை நேரே பார்க்காமல், ஒரு விளக்குக் கம்பத்தாலோ கூரை நுனியாலோ மறைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதுதான் வட்டமும் வில்லும் துலங்கும், போன் கேமராவும் திணறாது. இரவிலும் இது விழும். டார்ச்சை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து முன்னால் அடித்தால், ஒளி போகும் பாதையில் மட்டும் மினுங்குவது தெரியும். தட்டுகள் அதிகமான இரவில் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் மேலே நேராக ஒளித்தூண் நிற்கும். தூண் விளக்கின் தலைமேல் இருப்பது போலத் தோன்றினாலும், ஒளியைத் திருப்பும் படிகங்கள் உங்களுக்கும் விளக்குக்கும் நடுவழியில் மிதக்கின்றன. அதனால் நீங்கள் நடந்தால் தூணைக் காட்டும் படிகங்களும் மாறிக்கொண்டே வரும். போனைக் கோட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், மைனஸ் 30-இல் பேட்டரி கண்ணெதிரே இறங்கும்.